போளூரை அடுத்த திருமலையில் பெண்களின் கொடைகள்

போளூர் வட்டாரத்தில் வடமாதிமங்கலத்தை அடுத்துள்ள திருமலைக்கு, பனிக்காலத்தில் காலையில் சென்று மாலையில் திரும்பும் பயணியர் பெரும்பாலும் 16 அடி உயர நேமிநாதரையும் குகை ஓவியங்களையும் காண வருகின்றனர். வரலாற்றாய்வில் இவ்வூர் பெற்ற புகழ் வேறு. முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1024-25) இங்குள்ள பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஹூல்ஷ் பதிப்பித்த அக்கல்வெட்டின் மெய்க்கீர்த்தி, மகிபாலன், இரணசூரன், கோவிந்தசந்திரன் ஆகியோரைச் சோழர் வென்றதைக் கூறுவதால், வங்காள வரலாறு எழுதுவோரும் இம்மலையை அறிவர்.

ஆனால் மெய்க்கீர்த்தி எங்கும் பொறிக்கத்தக்க பொதுவாசகம். திருமலைக்கே உரியது அதன்பின் வரும் பகுதியாகும். பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் பொருள் அளித்த செய்தி அது. கங்கைப் படையெடுப்பு இம்மலையில் எழுத்தானதற்கு இந்த விளக்கே காரணம். எனினும் ஆய்வுரைகளில் முன்னுரை நின்றது, கொடை மறைந்தது.

சாமுண்டப்பை தனித்த சான்று அல்லர். கோயிற்பெயரிலேயே முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை இடம்பெறுகிறார். இராசேந்திரனின் 12ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பல்லவ அரசரின் தேவி சின்னவை அளித்த விளக்கைக் குறிக்கிறது. 14ஆம் நூற்றாண்டில், இராசநாராயண சம்புவராயரின் 12ஆம் ஆட்சியாண்டில், பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள் இங்கு அருகர் திருவுருவம் ஒன்றை எழுந்தருளுவித்தார். ஆட்சி மாறியும் பெண்கொடை மரபு அறுபடவில்லை என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

இவற்றைக் கொண்டு பெண்களின் தனிச்சொத்துரிமையை நிறுவிவிட முடியாது. சாமுண்டப்பை கணவனாலும், நல்லாத்தாள் தந்தையாலும், சின்னவை அரசனாலும் சுட்டப்படுகின்றனர். பொருள் எவர் கையிருப்பிலிருந்து வந்தது என்பதைக் கல்வெட்டு பேசுவதில்லை. ஆயினும் கொடையாளர் இடத்தில் எழுதப்பட்ட பெயர் பெண்ணின் பெயரே. வணிகன் மனைவியும் அரசனின் தேவியும் ஒரே பள்ளிக்கு விளக்கேற்றியது, சமணம் இங்கு அரண்மனை ஆதரவை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதையும் உணர்த்தும். இராசராசனின் 21ஆம் ஆண்டில் குணவீர மாமுனிவர் இங்கு அமைத்த மதகும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. கணிசேகர மருபொற்சூரியன் என்ற சமண ஆசிரியர் பெயரைத் தாங்கிய அம்மதகு, பள்ளிக்கும் வயலுக்கும் இருந்த உறவைக் காட்டுகிறது.