சிம்பிள்என்எல்ஜி-டிஇ

ஜெர்மன் மொழியில் இலக்கணப் பிழையற்ற வாக்கியங்களை அமைக்கும் திறந்த மூல மென்பொருள். ஆங்கிலத்துக்காக ஆல்பர்ட் காட், எஹுட் ரைட்டர் ஆகியோர் 2009இல் அறிமுகப்படுத்திய சிம்பிள்என்எல்ஜியைத் தழுவி, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டனர். மார்செல் போல்மன் 2011இலேயே இதற்கு முன்னோடியான ஒரு தழுவலைச் செய்திருந்தார்.

கையிருப்பில் உள்ள வளங்களைப் பயன்படுத்திக்கொண்டதே சிம்பிள்என்எல்ஜி-டிஇயின் சிறப்பு. சொல்வடிவங்கள் விக்சனரியிலிருந்து வந்தன. செய்தித்தாள் வாக்கியங்களுக்கு இலக்கணக் குறியிட்ட டைகர் தரவகம் சோதனைக்கு உதவியது. ஆனால் ஆங்கில விதிகளை அப்படியே எடுத்தாள முடியவில்லை. ஜெர்மனில் மூன்று பால், நான்கு வேற்றுமைகளுக்கு ஏற்பப் பெயரடைகூட உருமாறும். அதைவிடக் கடினமானது வினையின் இடம். தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் ‘அன்ரூஃபன்’ தலைமை வாக்கியத்தில் இரண்டாகப் பிரியும்: ‘இஷ் ரூஃப டிஷ் மோர்கன் அன்’ (நாளை உன்னை அழைக்கிறேன்). ‘வைல்’ (ஏனெனில்) என்று தொடங்கும் துணைவாக்கியத்திலோ ‘அன்ரூஃப’ என ஒன்றுசேர்ந்து கடைசிக்குப் போய்விடும். எந்த அகராதியும் இந்த இடமாற்றத்தைச் செய்து தராது. அதற்கான விதிகளைத் தனியே எழுத வேண்டியிருந்தது. இத்தகைய கருவிகளின் உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது.