ஒரே தூரம், வேறு வேறு தீனி

லாச்சப்பலில் பஸ்ஸுக்கு நிற்கும் எங்களுக்கு, இந்த நகரத்து பஸ்களை ஒரு காலத்தில் குதிரைகள் இழுத்தது தெரியாது. பரிஸின் கடைசிக் குதிரை பஸ், பக்கத்து லாவிலெத்துக்கும் சென் சுல்பிஸுக்கும் இடையில் 1913 சனவரியில்தான் ஓடி நின்றது.

ஆயிரக்கணக்கில் குதிரை வைத்திருந்த கொம்பனிகளுக்குத் தீனிச் செலவு பெரிய தலையிடி. குறைத்தால் குதிரை மெலியும், கூட்டினால் காசு கரையும். 1880களில் வாடகை வண்டிக் கொம்பனி ஒன்றின் குதிரைகளை வைத்து லூயி கிரான்டோ, லெக்ளேர் என்ற இருவர் இதை அளந்து பார்த்தார்கள். நாளுக்கு 20 கிலோமீற்றர் நடந்த குதிரைக்கு 8.8 கிலோ காய்ந்த புல் போதுமாக இருந்தது. அதே தூரம் ஓடியபோது ஏறத்தாழ 11 கிலோ கொடுத்தும் உடம்பு இறங்கியது. பாரம் இழுத்து நடக்க 12 கிலோ. அதே பாரத்தோடு ஓடிய குதிரை, வயிறு கொண்டமட்டும் 15 கிலோவரை தின்றும் மெலிந்தது!

எனக்குப் பெரிதாகப் படுவது இந்தக் கடைசிக் கணக்குத்தான். வெறும் புல்லில் அந்த வேலை நடக்காது. ஓட்ஸ், சோளம் வேண்டும். ஆனால் ஞாயிறு லாயத்தில் சும்மா நிற்கும்போதும் அதே தானியத்தைக் கொட்டினால், மறுநாள் வண்டியில் பூட்டியதும் தசை இறுகி, சிறுநீர் கறுத்து, குதிரை விழுந்துவிடும். அதற்குப் பேரே திங்கட்கிழமை நோய். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாக்குவதுதான் லாயக்காரர் கண்ட வைத்தியம்.