சோற்றில் இருந்த நோய்



புழுங்கலரிசிச் சோறு நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியபோது கூடவே கொண்டுவந்த பழக்கம். அந்தச் சோறு இந்த நாட்டில் ஒரு பெரிய வழக்கைத் தீர்த்துவைத்தது.

நூறாண்டுகளுக்கும் முன்பு, மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், இறுதியில் நெஞ்சு அடைக்கும். கிருமி என்றார் ஒருவர். ஈரமண் என்றார் மற்றொருவர்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். வெள்ளை வெளேரென்று தீட்டிய சயாம் அரிசியை உண்ட சீனருக்கு நோய் வந்தது. நெல்லை அவித்துக் குத்திய அரிசியை உண்ட தமிழருக்கு வரவில்லை. வீட்டு உரலில் குத்தி உண்ட மலாய்க் கிராமத்தாருக்கும் வரவில்லை. ஆகவே அரிசிதான் காரணம் என்றார்.

நல்ல கவனிப்புதான். ஆனால், நேயர்களே, அது போதுமா? தமிழனுக்கும் சீனனுக்கும் அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, வீடு வேறு, குழம்பு வேறு. இவற்றுள் எது காக்கிறது என்று எப்படிச் சொல்வது?

1905-ஆம் ஆண்டு இறுதியில், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரருக்குத் தீட்டிய சயாம் அரிசி, இரட்டைப்படைக்காரருக்குப் புழுங்கலரிசி. ஆளைப் பார்த்து ஆள் பிரிக்கவில்லை, எண்ணே பிரித்தது. இதுதான் இதிலுள்ள நுட்பம். பலவீனமானவர்களெல்லாம் ஒரே பக்கம் சேரும் சந்தேகம் இதனால் குறைந்தது. 'கட்டடத்தில் நோய் இருக்கிறதோ?' என்ற கேள்விக்கும் வழி செய்தார்: நடுவில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. தீட்டிய அரிசியோடு போயிற்று.

ஓராண்டில், தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் அதிகமானோர் நோயுற்றனர்; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய். அவர்களும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள். மரணம் ஒன்றுகூட இல்லை.

அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்ய எந்த மருத்துவருக்கும் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

1907 முதல் பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தனர். முடிவு அதேதான்.

குறை தவிட்டில் இருந்தது. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு தயாமின் என்ற பி1 வைட்டமினும் போய்விடுகிறது. நெல்லை அவிக்கும்போதோ அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும்.