அத்தை போட்ட கையெழுத்து

அப்பா இறந்த பிறகு பட்டா மாற்றுவதற்காகப் பழைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அதில் 1984இல் பதிவான ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தது. தாத்தாவின் தேயிலைத் தோட்டத்தில் தனக்குள்ள பாத்தியதையை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அத்தை எழுதிக்கொடுத்தது. பாட்டியின் கைநாட்டும் இருந்தது. நகையும் சீரும் ஏற்கெனவே பெற்றுக்கொண்டதால் இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்று பத்திரம் எழுதுபவரின் வழக்கமான வாசகம்.

ஏன் போட்டீர்கள் என்று அத்தையிடம் கேட்டேன். "உங்கப்பாதான் சொன்னார் கண்ணு. எஸ்டேட் வரி வருது, பேரு அதிகமா இருந்தா கவர்மெண்டு தோட்டத்தையே எடுத்துக்கும்னு."

இந்த மலையில் எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம். ஊட்டியிலிருந்து கோத்தகிரிவரை யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எஸ்டேட் டூட்டி தோட்ட வரி அல்ல. ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் மொத்தச் சொத்தின் மீதான தீர்வை அது. 1953இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பெருஞ்செல்வம் தலைமுறை தலைமுறையாக ஒரே கையில் குவியக் கூடாது என்பது நோக்கம். ஒரு கட்டத்தில் உச்ச விகிதம் 85 விழுக்காடுவரை போனது. பெயரில் இருந்த இந்தக் குழப்பம் ஆண்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பது அந்தப் பெட்டியைத் திறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வாரிசு ஒவ்வொருவரும் பெறும் பங்குக்கு வரி போடும் நாடுகள் உண்டு. எஸ்டேட் டூட்டி அப்படியல்ல. பங்கு பிரிக்கும் முன்பே, இறந்தவரிடமிருந்து கைமாறும் மொத்த மதிப்பைப் பார்த்துக் கணக்கிடுவது. வாரிசு ஒருவரா ஐவரா என்பதால் தொகை மாறாது. தாத்தா 1983இல் இறந்தார். அதற்குப் பிறகு மகள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தால் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

அத்தை விட்டது எவ்வளவு? ஆறு ஏக்கர் பரம்பரைத் தோட்டம். நாங்கள் படகர்கள், இந்து வாரிசுரிமைச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாத்தா இறப்பதற்கு முந்தைய கணத்தில் பாகம் பிரிந்ததாகப் பாவிக்க வேண்டும். அப்பாவுக்கு மூன்று, தாத்தாவுக்கு மூன்று. தென்னிந்திய வழக்கில் அந்தப் பிரிவினையில் மனைவிக்குப் பங்கில்லை, மகளுக்கும் இல்லை. தாத்தாவின் மூன்று ஏக்கர் மட்டும் மனைவி, மகன், மகளுக்குச் சமமாகப் போகும். ஆக மகனுக்கு நான்கு, பாட்டிக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. அந்த ஒன்றையும்தான் வாங்கிக்கொண்டார்கள்.

1989இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. நாம் கொண்டாட வேண்டிய திருத்தம்தான். அதே ஆறு ஏக்கரில் மகளுக்கு 2⅔ ஏக்கர் கிடைத்திருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் கணவனை இழந்த தாயின் பங்கு ஒன்றிலிருந்து ⅔ ஆகச் சுருங்குவதை மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேலும், 1989 மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தாது. அத்தைக்கு 1981இலேயே கல்யாணம். 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது; ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்துபோன கைமாற்றங்களைத் தொடவில்லை. பத்திரம் நின்றுவிட்டது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பெண்களுக்கோ இந்தச் சட்டமே பொருந்தாது. பழங்குடிகளை 1956லேயே அது விலக்கிவைத்தது.

வரிச் சட்டத்திலும் ஒரு கோணல் இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் தந்தை இறந்தால், வாரிசு மகன்களுக்குச் சொந்தமான பங்கையும் சேர்த்துக் கூட்டித்தான் வரி விகிதத்தை நிர்ணயித்தார்கள். மகனின் பங்குக்கு வரி இல்லை. ஆனால் அதைக் கூட்டியதால் ஏறிய விகிதம், விதவைக்கும் மகளுக்கும் வந்த பங்கின் மீதும் விழுந்தது. அந்தப் பிரிவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியவர் ஒரு பெண். தேவகி அம்மாள் வழக்கு என்றே அதற்குப் பெயர். அந்தப் பிரிவு சமத்துவத்துக்கு எதிரானது என்று 1970களின் தொடக்கத்தில் நீதிமன்றம் ரத்து செய்தது. 1981இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே பிரிவைச் செல்லும் என்றது.

நிஜமான பெரிய எஸ்டேட்டுகள்? அவற்றில் பல கம்பெனிகளின் பெயரில் இருந்தன. பங்குதாரர் சாகலாம், கம்பெனி சாகாது. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்கள் விட்டுச்செல்ல லயத்து வீடுகூட அவர்களுடையதல்ல.

ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் அளவே வருகிறது, வசூல் செலவு அதிகம் என்று சொல்லி, 1985 பட்ஜெட்டில் நிதியமைச்சர் வி.பி. சிங் எஸ்டேட் டூட்டியை எடுத்துவிட்டார். அந்த மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்களுக்கு அது இல்லை. 2024 தேர்தலின்போது வாரிசு வரி பற்றிய பேச்சு எழுந்ததும், தாலிக்கே ஆபத்து என்கிற அளவுக்குப் பயம் கிளப்பினார்கள். அப்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அவர் மோசமான மனிதர் அல்ல. மகள் படிக்க வேண்டும் என்று நின்றவர். அத்தையின் ஏக்கரிலும் பறித்த பச்சை இலை விற்ற காசில்தான் நான் குன்னூரில் கல்லூரிக்குப் போனேன். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வருடம் தவறாமல் அத்தையை அழைத்துவருவார். நாக்குபெட்டா முழுவதும் வெள்ளை உடுத்தி ஒரு மூதாட்டியைத் தெய்வமாகக் கும்பிடும் நாள் அது.

இப்போது என் தம்பி ஒரு விடுதலைப் பத்திரம் தயாரித்து வைத்திருக்கிறான். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 விழுக்காடுதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு, செலவே இல்லை அக்கா என்கிறான். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

போன மாதம் அத்தையிடம் இந்தக் கணக்கையெல்லாம் தாளில் எழுதிக் காட்டினேன். ஏக்கர் கணக்கை அவர் பார்க்கவில்லை.

"அப்ப அந்த வரி, கடைசியில கட்டினாங்களா?"

பெட்டியில் அப்படி ஒரு ரசீது இல்லை என்றேன்.


அத்தை தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.