இத்தாலிய வெள்ளிக் காசுகள்: காலம் காணும் வழி

எனக்குப் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். மும்பைக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளிப் பாத்திர வியாபாரம். கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. எடைக்கு வரும் பழைய வெள்ளியோடு கலந்து வரும் அயல்நாட்டுக் காசுகளைப் பார்த்துப் பார்த்தே நாணயவியல் கற்றவன். அந்தச் சிற்றறிவை மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சென்ற ஆண்டு நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் ஒரு வெள்ளிக் காசு கொண்டுவந்தார். ஒரு பக்கம் பெண்ணின் முகம். மறுபக்கம் மூன்று பாய்மரக் கப்பல்கள். வருடம் எங்கும் தெரியவில்லை. "எங்க மாமனார் ரெண்டாம் உலகப் போர்ல இத்தாலியில இருந்தாரு. அப்ப கொண்டு வந்ததாம். கொலம்பஸ் காலத்துக் காசு, லட்சக்கணக்குல போகும்னு சொல்றாங்க. பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு ஆகுமா அண்ணா?" என்றார்.

இந்திய வீரர்கள் 1943 முதல் 1945 வரை இத்தாலியில் போரிட்டது வரலாறு. ஆகவே கதையில் பாதி சரி. மீதியைக் காசிடம்தான் கேட்க வேண்டும்.

காசில் முதலில் வருடத்தைத் தேடாதீர்கள், பெயரைத் தேடுங்கள். வெனிஸ் நகரத்தின் பழைய 'குரோஸ்ஸோ' வெள்ளிக்காசு ஏறக்குறைய 2.2 கிராம். அதில் வருடமே கிடையாது. ஆனால் நகரத் தலைவரான 'டோஜே'யின் பெயர் இருக்கும். என்ரிக்கோ தாந்தோலோ என்றிருந்தால் 1192-க்கும் 1205-க்கும் இடைப்பட்டது. பெயரே தேதி.

அடுத்து, பட்டம். இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே 1861-ல் இத்தாலி மன்னராகும் வரை, காசில் லத்தீன் மொழியில் சார்டினியா மன்னர். முகம் ஒன்றுதான், பட்டம் மாறினால் காலம் மாறும்.

மூன்றாவது, ஆட்சியாண்டு. நம் சோழர் கல்வெட்டுகளில் 'யாண்டு' சொல்வது போலத்தான். போப் ஒன்பதாம் பயஸ் காசில் ரோமன் எண்ணில் 21 என்றிருந்தால், அவர் பதவிக்கு வந்த 1846 ஜூனிலிருந்து எண்ணுங்கள்: 1866 ஜூனுக்கும் 1867 ஜூனுக்கும் இடைப்பட்டது. 1936-ஆம் வருடக் காசில் பக்கத்திலேயே ரோமன் எண் 14 இருக்கும். அது 1922 அக்டோபரில் தொடங்கிய முசோலினி ஆட்சியின் கணக்கு.

நான்காவது, தராசு. இத்தாலி மன்னர்களின் பெரிய 5 லிரா வெள்ளிக்காசு 25 கிராம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. குறுக்களவு 37 மில்லிமீட்டர். ஒரு கிராம் குறைந்தாலே சந்தேகப்படுங்கள்.

ஐந்தாவதைப் பலரும் பார்ப்பதே இல்லை: விளிம்பு. சகோதரியின் காசைத் தராசில் வைத்தேன். 11 கிராம். 500 லிரா என்று போட்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். 'ரெப்புப்ளிக்கா இத்தாலியானா', பக்கத்தில் 1959. இத்தாலி குடியரசானதே 1946-ல்தான்! கப்பல்கள் கொலம்பஸ் உடையவைதான். காசு அவர் காலத்தது இல்லை. போர்க்காலத்ததும் இல்லை.

சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தராசு பிடிக்கிறவன் பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பாடம். "இது 835 தரம், 9 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வெள்ளி இருக்கும்மா, அவ்வளவுதான். ஃபீஸுக்கு ஆகாது" என்றேன். முகம் வாடிவிட்டது. சிறிது யோசித்து, "எங்க சின்ன மாமனார் கப்பல்ல வேலை பாத்தாரு. அவர் கொண்டு வந்திருப்பாரோ?" என்றார். அதுதான் பொருந்துகிறது. "உங்க மாமனார் போருக்குப் போனது பொய்யில்லை. இந்தக் காசு அங்கேயிருந்து வரலை. வித்துடாதீங்க, அந்தச் சின்ன மாமனார் பேரையும் எழுதிக் காசோடயே வையுங்க" என்றேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து தேய்ந்தால் சாட்சி போய்விடும். உரைகல்லிலும் உரசாதீர்கள். பெயர், பட்டம், ஆட்சியாண்டு, எடை, விளிம்பு என்று வரிசையாகப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, எது யார் கொண்டுவந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். காசு தன் வயதைச் சொல்லும்; கொண்டுவந்தவர் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.