சிறு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் செயற்கை நுண்ணறிவு

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இயங்கும் சிறு நிறுவனம் ஒன்றில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு என்பது பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். கணக்கு மென்பொருள், இணையத்தளம், கண்காணிப்புக் கமெரா, மக்கர் பண்ணும் அச்சுப்பொறி எல்லாம் அவர்கள் தலையில்தான். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தபின் இவர்களுக்குச் சம்பளமில்லாத ஓர் உதவியாள் கிடைத்ததுபோலாயிற்று. அதனிடம் எதை ஒப்படைக்கலாம், எதைக் காட்டவே கூடாது என்பதைப் பிரிவின் பொறுப்பாளரே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

பிழைச் செய்திகளை விளக்கவும், சிறு நிரல்களுக்கு முதல் வரைவு எழுதவும் அது நன்றாக உதவும். அதைவிடப் பெரிய பயன் கையேடு எழுதுவதில் இருக்கிறது. எமது பகுதிகளில் இருக்கும் ஒரேயொரு கணினிப் பொறுப்பாளரும் திடீரென வெளிநாடு போய்விட்டால், எந்த வழங்கி எங்கே இயங்குகிறது என்ற விபரமும் அவரோடு போய்விடுகிறது. வேலையில் இருக்கும்போதே அவர் தாறுமாறாக எழுதும் குறிப்புகளை ஒழுங்கான கையேடாக்க இக்கருவிக்குச் சில நிமிடங்கள் போதும். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதக்கூடாது.

இலவசக் கணக்குகளில் நாம் எழுதுவதை, அமைப்புகளில் மறுத்தாலன்றி, தமது பயிற்சிக்குப் பயன்படுத்தும் சேவைகள் உண்டு. 2023 இல் சம்சுங் பொறியியலாளர்கள் நிறுவனத்தின் நிரலை சட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்ததும், அந்நிறுவனம் இத்தகைய கருவிகளை ஊழியர்களுக்குத் தடைசெய்தது. சம்சுங் இழக்க அஞ்சியது வியாபார இரகசியத்தை. எமது மருந்தகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பணமாற்று நிலையத்திலும் இருப்பவை வேறு: யாருக்கு என்ன நோய், யாருக்கு எந்த நாட்டிலிருந்து பணம் வருகிறது, எந்த வீட்டில் ஆண் துணை இல்லை. பெயர்ப் பட்டியல் ஒன்று யார் கையில் போய்ச் சேரும் என்ற கேள்வியின் கனம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவல்களைத் தனிக் கவனத்துக்குரியவையாக வகைப்படுத்துகிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் மூன்றையும் நீக்காத கோப்பை எந்தக் கருவியிலும் ஏற்றக்கூடாது என்று ஊழியர்களுக்கு எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. வாய்ச்சொல் ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

வாடிக்கையாளருக்குப் பதிலளிக்க உரையாடலி வைக்க விரும்புவோர் எயார் கனடா வழக்கைப் பார்க்கட்டும். பாட்டியின் மரணத்துக்காகப் பயணித்த ஒருவருக்கு அதன் உரையாடலி கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் கொடுத்தது. உரையாடலியின் சொல்லுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற தொனியில் நிறுவனம் வாதிட்டும், 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு வழங்கச் சொன்னது.

கருவி எழுதித் தரும் கட்டளையை நேரடியாக வழங்கியில் இயக்குவதும் ஆபத்தே. முதலில் காப்புப்பிரதி, அதுவும் வலையமைப்போடு இணைக்காத தனி வன்தட்டில். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணினி மீது கப்பம் கோரும் தாக்குதல் நடந்தபோது, அத்தகைய பிரதி இல்லாமையால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. அரசுக்கே அந்தக் கதி.

கடைசியாக, எழுத்துரு. எமது பழைய கோப்புகள் பல பாமினியில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகளே. ஆகவே கருவி அவற்றைத் தமிழாக வாசிக்காது, சிலவேளை ஊகித்து எதையாவது எழுதிவிடும். முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் பெயர்களில் கண் வேண்டும். இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்து மீளப் பெற்றவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. கருவி இதைப் பிழையென்று நினைத்து 'திருத்தி'விட்டால், வங்கியிலும் கச்சேரியிலும் அலைய வேண்டியவர் அந்த மனிதர். பெயர்ப் பத்தியை மாத்திரம் அசல் ஆவணத்தோடு ஒருவர் வரிவரியாக ஒப்பிட்டே ஆக வேண்டும்.