கோட்டை வாயிலும் அமானிதமும்

நம் பூந்தமல்லியில் 1653-இல் எழுந்த பழைய பள்ளிவாசல், இவ்வூர் கோல்கொண்டா குதுப் ஷாஹி சுல்தான்களின் ஆட்சியில் இருந்ததற்குச் சாட்சியாகும். காரா கோயுன்லு துருக்மானியக் குலத்தில் வந்த சுல்தான் குலீ 1518-இல் நிறுவிய அவ்வரசு, அபுல் ஹசன் தானா ஷாஹ்வுடன் முடிவுற்றது.

1687-இல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவை ஏறத்தாழ எட்டு மாதங்கள் முற்றுகையிட்டது. பீரங்கியும் சுரங்கவெடியும் தகர்க்க இயலாத கோட்டையைப் பொருளாசை திறந்தது. கையூட்டுப் பெற்ற அப்துல்லாஹ் கான் என்னும் தளபதி இரவில் வாயிலைத் திறந்துவிட்டார். முகலாயர் காட்டிய ஆசைகளை மறுத்த அப்துர் ரஸ்ஸாக் லாரியோ, உடலெங்கும் காயங்களுடன் சாயும்வரை போரிட்டார். அவரது விசுவாசத்தை மெச்சிய ஔரங்கசீப்பே மருத்துவர்களை அனுப்பினார். சுல்தான் கலங்காமல் சரணடைந்தார்; தவ்லதாபாத் சிறையில் மரணமடைந்தார்.

வென்றவரும் தோற்றவரும் முஸ்லிம்களே. இன்று இருவரும் குல்தாபாத் மண்ணிலேயே அடங்கியுள்ளனர். ஆட்சி எவரிடமும் தங்குவதில்லை. அமானிதத்தைப் பேணினோமா என்னும் கேள்வியே எஞ்சுகிறது. பள்ளிவாசல் சாவி, எத்தீம்களின் சொத்து, கடையின் கல்லாப்பெட்டி என நம் கையிலும் ஒரு வாயில் உள்ளது. அதைக் காப்போராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.